கல்லும் கூட்டமும்: ஸ்டோன்ஹெஞ்ச் நினைவுகளை முன்வைத்து

ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பெயர் நம்மில் பலருக்குத் தொல்லியல் நூல்களுக்கு முன்பாகவே தாமஸ் ஹார்டியின் நாவல் வழியாக அறிமுகமாகியிருக்கும். 1891இல் வெளிவந்த 'டெஸ்' நாவலின் இறுதிப் பகுதியில், கொலைப்பழியுடன் தப்பி வரும் டெஸ் இருளில் அந்தக் கல்வட்டத்துக்குள் வந்து சேர்கிறாள். களைத்துப்போய் ஒரு கிடைக்கல்லின் மேல் படுத்து உறங்குகிறாள். விடியும் வேளையில் நான்கு புறமிருந்தும் காவலர்கள் நெருங்குகிறார்கள். கதிரொளி அவள் முகத்தில் விழும் கணமும் அவள் கைதாகும் கணமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. இந்நாவலை மொழிபெயர்ப்பில் படித்த மாணவர் எவரும் அந்த அத்தியாயத்தை மறந்து நான் கண்டதில்லை.

ஹார்டி ஒரு பெண்ணின் முடிவை எழுதினார். ஆனால் அந்த விடியற்காலைக் காட்சி வேறொரு வடிவில் சரித்திரத்திலும் நிகழ்ந்தது. 1985ஆம் ஆண்டு ஜூன் மாதம், அதே சாலிஸ்பரி சமவெளியில், கோடைச் சூரியனைக் காணச் சென்ற சில நூறு பேரைக் காவல்துறை வழியிலேயே மறித்து நொறுக்கியது. அதற்கு முன்பு பதினோரு கோடைகள் அங்கே கூடியவர்களின் நினைவுகளும், அதற்குப் பின்பு பதினைந்து ஆண்டுகள் விரட்டப்பட்டவர்களின் நினைவுகளும் இன்று நூல்களாகவும் ஆவணப்படங்களாகவும் புகைப்படத் தொகுப்புகளாகவும் கிடைக்கின்றன. அக்கற்களை நான் நேரில் கண்டதில்லை. இந்த நினைவுப் பிரதிகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவரும் ஒருவன் என்ற முறையில், அவற்றை எப்படி வாசிப்பது என்பது குறித்துச் சொல்ல எனக்குச் சில கருத்துகள் உள்ளன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொல்சின்னத்தின் வரலாறு அதைக் கட்டியவர்களோடு முடிந்துவிடுவதில்லை. அதைச் சுற்றிப் பிற்காலத்தில் கூடியவர்களும், கூடக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களும் அந்த வரலாற்றின் பகுதிதான். அவர்களுடைய நினைவை வெறும் பழங்கால ஏக்கம் என்று ஒதுக்குவது கல்லின் வரலாற்றையே குறைத்துச் சொல்வதாகும்.

*

முதலில் ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். ஸ்டோன்ஹெஞ்சின் வட்ட அகழியும் மேடும் ஏறத்தாழ கி.மு. 3000 அளவில் வெட்டப்பட்டவை. இன்று நாம் படங்களில் காணும் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டன. சார்சென் எனப்படும் இக்கற்கள் ஒவ்வொன்றும் சராசரியாக இருபது டன்னுக்கும் மேற்பட்ட எடை உடையவை. இவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்ட் வுட்ஸ் பகுதியிலிருந்து வந்தவை என்று 2020இல் கண்டறிந்தார்கள். சிறிய நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டின் பிரெசெலி குன்றுகளிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடந்து வந்தவை. நடுவிலுள்ள பலிபீடக்கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு நிறுவியது. எழுத்தும் சக்கரமும் இல்லாத ஒரு சமூகம் ஒரு தீவின் இரு கோடிகளிலிருந்து கற்களைக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்திருக்கிறது. அத்தனை மனிதர்கள் ஒன்றுகூடாமல் அக்கற்கள் அங்கே நின்றிருக்க முடியாது.

கல்வட்டத்தின் அச்சு இரு திசைகளுக்கும் பொருந்துவது. ஆண்டின் மிக நீண்ட பகலன்று வடகிழக்கில், ஹீல் ஸ்டோன் என்னும் தனிக்கல்லின் பக்கமாகக் கதிர் எழுகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று அதற்கு நேர் எதிரே தென்மேற்கில் கதிர் மறைகிறது. கட்டியவர்களுக்கு இவ்விரண்டில் எது முதன்மை? மூன்று கிலோமீட்டர் தொலைவில் டரிங்டன் வால்ஸ் என்னும் பெருங்குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகள் இதற்கு ஒரு விடை சொல்கின்றன. பற்களை ஆராய்ந்தபோது, பல பன்றிகள் ஏறத்தாழ ஒன்பது மாத வயதில் கொல்லப்பட்டவை என்று தெரிந்தது. வசந்தத்தில் பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதம் என்றால் அது நடுக்குளிர்காலம். 2019இல் வெளியான வேதியியல் ஆய்வு, இப்பகுதிப் பெருவிருந்துகளுக்கான பன்றிகளில் சில ஸ்காட்லாந்து போன்ற தொலைவிடங்களிலிருந்துகூடக் கொண்டுவரப்பட்டவை என்று காட்டியது. ஆகவே ஆதிக்கூடுகைகளில் பெரியவை குளிர்காலத்தில் நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தத் தரவைக் கையிலெடுத்துக்கொண்டு, 'நீங்கள் தவறான பருவத்தில் கூடுகிறீர்கள்' என்று கோடைக் கூட்டத்தாரைக் கேலி செய்வோர் உண்டு. துரூயிதுகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு வெள்ளை அங்கியில் வருவோரையும் அவ்வாறே கேலி செய்வார்கள். வரலாற்றில் நாம் அறியும் துரூயிது குருமார்கள் இரும்புக்காலத்தைச் சேர்ந்தவர்கள். கற்கள் நிறுத்தப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் இக்கட்டடத்துக்கும் தொடர்பில்லை. அத்தொடர்பைப் பரவலாக்கியவர் வில்லியம் ஸ்டூக்லி. அவருடைய நூல் வெளிவந்தது 1740இல். கல்வட்டத்தின் அச்சு கோடை விடியலை நோக்கியிருப்பதை எடுத்துச் சொன்னவரும் அவரே. ஒரே மனிதர் நமக்கு ஒரு பிழையையும் ஓர் உண்மையையும் சேர்த்தே தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் இந்தக் கேலி ஒன்றைக் காணத் தவறுகிறது. மரபு என்பது தொடக்கத்திலிருந்து மாறாமல் வருவது என்ற எண்ணமே பிழையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் நடந்தும் வண்டிகளிலும் மிதிவண்டிகளிலும் கோடை விடியலைக் காண வந்தார்கள். அவர்கள் எந்தக் குருமாரையும் பின்பற்றவில்லை. ஒரு குறுகிய இரவை விழித்திருந்து கழித்துவிட்டுக் கற்களுக்கிடையே சூரியன் எழுவதைப் பார்ப்பதற்காக வந்தார்கள். அந்த மரபுக்கு நூற்றைம்பது ஆண்டு வயது என்று வைத்துக்கொண்டாலும், அது ஐந்து தலைமுறைகளின் பழக்கம். ஐயாயிரம் ஆண்டு வயது இல்லை என்பதற்காக அதைப் போலி என்று சொல்ல முடியுமா?

*

வேலியின் கதையும் அதே காலத்தில்தான் தொடங்குகிறது. கற்கள் ஆன்ட்ரோபஸ் குடும்பத்தின் தனியுடைமையாக இருந்தன. 1899இல் அவற்றை அரசுக்கு 1,25,000 பவுண்டுக்கு விற்க அக்குடும்பம் முன்வந்தது. அரசு மறுத்தது. கற்கள் பொதுச்சொத்தாக வேண்டும் என்று அப்போது பேட்டியளித்தவர்களில் ஹார்டியும் ஒருவர். 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில், புயலில் ஒரு நிறுத்துகல்லும் அதன் மேலிருந்த பாவுகல்லும் விழுந்தன. 1901இல் எட்மண்ட் ஆன்ட்ரோபஸ் முள்வேலியிட்டு, நபருக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வைத்தார். காலங்காலமாக மக்கள் நடந்த பாதை அது என்று வழக்குத் தொடுத்தார்கள். 1905இல் நீதிமன்றம் உடைமையாளருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊர்மக்களை விலக்கிய வேலி கல்லைக் காப்பதற்கானது என்று சொல்லப்பட்டது. இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் மீண்டும் வரும்.

1915இல் ஏலத்துக்கு வந்தபோது, செசில் சப் என்னும் வழக்குரைஞர் 6,600 பவுண்டுக்குக் கற்களை வாங்கினார். 1918இல் அவற்றை நாட்டுக்குக் கொடையளித்தார். ஒரு ஷில்லிங்குக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தார். இன்று அங்கே நுழைவதற்கான கட்டணத்தை அந்த ஷில்லிங்கோடு ஒப்பிட்டால் கொடைகள் எவ்வாறு வாசிக்கப்படுகின்றன என்பது விளங்கும். கொடுத்தவர் 'நாடு' என்று எழுதிக் கொடுத்தார். பெற்றவர்கள் அதை 'அரசு' என்று படித்துக்கொண்டார்கள்.

*

1974 ஜூனில் பில் ரஸல் என்னும் இளைஞரும் அவருடைய நண்பர்களும் கற்களுக்கு அருகே கூடாரமிட்டார்கள். அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் வாலி ஹோப். விழா முடிந்ததும் ஒரு சிறு குழு அங்கேயே தங்கிவிட்டது. வெளியேற்ற வழக்கு வந்தபோது அவர்கள் எல்லோரும் தம் பெயர் வாலி என்றே சொன்னார்கள். வேடிக்கைபோலத் தோன்றும் இச்செயலில் ஒரு கூர்மை உண்டு. தனித்தனி நபர்களை மட்டுமே அறிந்த சட்டத்தின் முன் அவர்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள்.

1975 மே மாதம் வாலி ஹோப் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதாகி, மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு விழாவை அவர் காணவில்லை. விடுதலையான பின் செப்டம்பரில் இறந்துபோனார். அளவுக்கு மீறிய மாத்திரைகளே காரணம் என்று விசாரணை முடித்துவைத்தது. க்ராஸ் இசைக்குழுவைச் சேர்ந்த பென்னி ரிம்போ அம்மரணத்தின் மீது ஐயம் எழுப்பி 1982இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1976ஆம் ஆண்டு விழாவில் வாலியின் சாம்பல் அக்கற்களிடையே தூவப்பட்டது. எரியூட்டப்பட்ட மனிதர்களின் எலும்புகளைப் புதைக்கும் இடமாகவே ஸ்டோன்ஹெஞ்ச் தொடங்கியது என்று தொல்லியல் சொல்கிறது. அறிந்தோ அறியாமலோ, அந்த நண்பர்கள் அவ்விடத்தின் மிகப் பழைய வழக்கத்தையே திரும்பச் செய்திருக்கிறார்கள்.

1984 வரை ஆண்டுதோறும் விழா வளர்ந்தது. சாலைக்கு அப்பாலுள்ள வயல்வெளியில் ஜூன் மாதம் முழுவதும் ஒரு தற்காலிக ஊர் எழுந்தது. நுழைவுச்சீட்டு கிடையாது, உரிமம் பெற்ற அமைப்பாளர் கிடையாது, விளம்பரதாரர் கிடையாது. ஹாக்விண்ட் போன்ற குழுக்கள் கட்டணம் பெறாமல் பாடின. பழைய பேருந்துகளையும் லாரிகளையும் வீடாக்கிக்கொண்டவர்கள் குழந்தைகளோடு வந்து தங்கினார்கள். வேலையின்மை பெருகிய தாட்சர் ஆட்சிக்காலத்தில், நகரத்தில் வாடகை கொடுத்து வாழ இயலாத பல இளைஞர்களுக்கு இந்த வண்டி வாழ்க்கை ஒரு மாற்றாக இருந்தது. கோடை முழுதும் ஒரு விழாவிலிருந்து இன்னொரு விழாவுக்கு இவர்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். செய்தித்தாள்கள் இவர்களை 'அமைதி வண்டித்தொடர்' என்று அழைத்தன.

கலந்துகொண்டவர்களின் நினைவுக்குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வருவன சில உண்டு. விறகுப் புகை, பொதுச் சமையல், அறிமுகமில்லாத ஒருவர் நீட்டும் தேநீர்க் குவளை, சேறு, விடியலுக்கு முந்தைய குளிர், பெரும்பாலான ஆண்டுகளில் மேகம் மறைத்துவிட்ட சூரியன். கடைசியாகச் சொன்னது எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. இங்கிலாந்தின் வானிலையில் கோடை விடியலைத் தெளிவாகக் காண்பது அரிது. அடுத்த ஆண்டும் வந்தார்கள் என்றால், வந்தது சூரியனுக்காக மட்டுமல்ல.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். போதைப்பொருள் விற்பனை வெளிப்படையாக நடந்தது. பின்னாளைய ஆண்டுகளில் ஹெராயினும் புகுந்தது. விறகுக்காக அக்கம்பக்கத்து மரங்களை வெட்டினார்கள். வெண்கலக் காலப் புதைமேடுகளில் குழிகள் தோண்டப்பட்டன. உள்ளூர் உழவர்களின் வேலிகளும் பயிர்களும் பாழாயின. தொல்லியலாளர்களின் கவலை பொய்யானதன்று. ஒரு புதைமேட்டில் ஒரு முறை தோண்டிவிட்டால் அங்கிருந்த சான்று என்றைக்குமாக அழிந்தது அழிந்ததுதான். நினைவுக்குறிப்பு எழுதுவோர் பலர் இந்தப் பக்கத்தை இரண்டு வரிகளில் கடந்துவிடுவதை நான் குறையாகவே காண்கிறேன்.

*

1984இல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு உருவாகி, கற்களின் பொறுப்பை ஏற்றது. விழா நடந்த நிலம் நேஷனல் டிரஸ்டுக்கு உரியது. 1985ஆம் ஆண்டு விழா நடவாது என்று இரு அமைப்புகளும் முடிவு செய்து, நீதிமன்றத் தடையாணை பெற்றன. அவ்வாண்டு மார்ச் மாதம்தான் சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்திருந்தது. பெருங்கூட்டங்களை ஒடுக்குவதில் காவல்துறை அந்த ஓராண்டில் நல்ல பயிற்சி பெற்றிருந்தது.

ஜூன் 1ஆம் நாள், சாவர்னேக் காட்டிலிருந்து ஏறத்தாழ 140 வண்டிகள் புறப்பட்டன. கற்களுக்கு ஏழு மைல் முன்பாகவே சரளைக்கற்களைக் கொட்டிச் சாலையை அடைத்தது காவல்துறை. வண்டிகள் பக்கத்து வயல்களுக்குள் திரும்பின. மணிக்கணக்கில் பேச்சு நடந்தது. மாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் வயலுக்குள் நுழைந்தார்கள். வீடாக இருந்த வண்டிகளின் கண்ணாடிகள் தடிகளால் உடைக்கப்பட்டன. குழந்தைகள் உள்ளே இருந்தார்கள். பெண்கள் தலைமுடியைப் பிடித்து இழுக்கப்பட்டார்கள். 537 பேர் கைதானார்கள். இங்கிலாந்தில் ஒரே நாளில் நிகழ்ந்த மிகப்பெரிய கைதுகளில் இது ஒன்று. அந்த வயலில் அப்போது அவரை பயிரிடப்பட்டிருந்தது. அதனால் 'அவரை வயல் போர்' என்று பெயர் வந்தது. போர் என்பதற்கு இரு தரப்பும் படைகளாக இருக்க வேண்டும் என்பதால், அப்பெயர் பொருந்தாது என்போரும் உண்டு. நான் அவர்களோடு உடன்படுகிறேன்.

வண்டியினரே முதலில் தாக்கினார்கள், தடுப்பை மோதினார்கள் என்று காவல்துறை சொன்னது. அந்த நாள் மறக்கப்படாமல் போனதற்கு, வேறுபட்ட இடங்களிலிருந்து வந்த சில சாட்சிகள் காரணம். தொலைக்காட்சிச் செய்தியாளர் கிம் சபீடோ தாம் கண்ட வன்முறையை வயலில் நின்றபடியே பதிவு செய்தார். அன்று எடுத்த காட்சிகளில் கொடியவை பின்னர் நிலையத்தின் சேமிப்பில் காணாமல்போயிருந்தன என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். 'அப்சர்வர்' இதழின் நிக் டேவிஸ் தாம் பார்த்ததை எழுதினார். எல்லாவற்றினும் வியப்பூட்டும் சாட்சி கார்டிகன் பிரபு. வண்டித்தொடர் முந்தைய இரவு தங்கிய காட்டின் உடைமைக் குடும்பத்தவர் அவர், பழமைவாதக் கட்சிக்காரர், மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து சென்று எல்லாவற்றையும் கண்டவர். காவல்துறைக்கு எதிராக அவர் சாட்சி சொன்னபோது சில செய்தித்தாள்கள் அவரை இழித்து எழுதின. அவர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். வர்க்கத்தால் எதிர்முகாமில் இருந்த ஒருவர், கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்னார் என்ற ஒன்றுக்காகவே இவ்வரலாற்றில் அவருக்கு ஓர் இடமுண்டு.

பயணிகளில் 24 பேர் தொடுத்த வழக்கு 1991இல் முடிந்தது. இழப்பீடாக 24,000 பவுண்டு கிடைத்தது. வழக்குச் செலவைக் காவல்துறை தர வேண்டும் என்று நீதிபதி உத்தரவிடாததால், கிடைத்த தொகை முழுவதும் அச்செலவிலேயே கரைந்துபோனது. வென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

*

அதன்பின் ஒவ்வொரு ஜூனிலும் கற்களைச் சுற்றி நான்கு மைல் வளையம் விலக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. முள்கம்பிச் சுருள்களும் தேடுவிளக்குகளும் ஹெலிகாப்டர்களும் கற்களைக் காவல் காத்தன. சட்டமும் இறுகியது. 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டமும், 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டமும், பிறர் நிலத்தில் வண்டிகளோடு தங்குவதையும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் கூடுவதையும் தடுக்கும் அதிகாரங்களைத் தந்தன. ஒரு வயலில் நடந்த சம்பவத்தின் நிழல் ஒரு நாட்டின் சட்டநூலில் விழுந்தது.

1995 ஜூன் 1 அன்று, அவரை வயலின் பத்தாம் ஆண்டு நினைவாக, இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் கற்களுக்கு அருகேயுள்ள சாலையோரப் புல்தரையில் அமைதியாக நின்றார்கள். அவர்களில் மார்கரெட் ஜோன்ஸ், ரிச்சர்ட் லாய்ட் என்னும் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். வழக்கு மேலே மேலே சென்று, 1999 மார்ச்சில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முன் வந்தது. பொதுச்சாலையில் பிறர்க்கு இடையூறின்றி அமைதியாகக் கூடி நிற்பதும் சாலையின் நியாயமான பயன்பாடாகலாம் என்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தார்கள். இவ்வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். அவர்கள் அன்று கற்களுக்குள் நுழைய முயலவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததை நினைவுகூர்வதற்காகச் சாலையோரத்தில் நின்றார்கள். நினைவுகூர்தலே குற்றமாக்கப்பட்டது. அந்த நினைவுகூர்தலே நாடு முழுவதற்கும் ஓர் உரிமையை மீட்டுத் தந்தது. சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் இத்தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

அவ்வாண்டுக் கோடையில் ஒரு கூட்டம் வேலியை மீறி உள்ளே புகுந்து கற்கள்மீது ஏறியது. மறுபடியும் கதவை அடைத்திருக்கலாம். இங்கிலிஷ் ஹெரிடேஜ் அவ்வாறு செய்யவில்லை. பல தரப்பினரோடும் அமர்ந்து பேசி, 2000ஆம் ஆண்டு முதல் கோடை இரவில் கற்களை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. இந்த முடிவை எடுத்தவர்களைப் பாராட்டாமலிருப்பது நியாயமாகாது. கூட்டம் முப்பதாயிரத்தைக் கடந்த ஆண்டுகளும் உண்டு. கற்கள் அப்படியே நிற்கின்றன. கூட்டத்தை உள்ளே விட்டால் கல் அழிந்துவிடும் என்று நூறாண்டுகளாகச் சொல்லப்பட்ட வாதத்துக்குக் கற்களே மறுப்புச் சொல்லிவிட்டன.

இன்றைய கூடுகைக்குப் பல விதிகள் உண்டு. கற்கள்மீது ஏறக் கூடாது, கூடாரமிடக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. 2016 முதல் மதுவும் கூடாது. அவ்வாண்டிலேயே வண்டி நிறுத்தக் கட்டணமும் வந்தது. பழைய விழாக்காரர்கள் சிலர் இதை ஒரு பெருவணிக நிகழ்ச்சி என்று வெறுத்து ஒதுங்குகிறார்கள். ஒரு மாத ஊர் ஓர் இரவாகச் சுருங்கிவிட்டது என்னும் அவர்களுடைய வருத்தம் உண்மையானது. எனினும் விதிகளுள் சில, பழைய விழாவின் பிழைகளிலிருந்து கற்றவை என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

*

இனி நினைவுகளை வாசிப்பது பற்றி.

இவ்விழாக்கள் குறித்த நூல்களில் இரண்டை நான் குறிப்பாகச் சொல்வேன். மானுடவியலாளர் பார்பரா பெண்டர் 1998இல் எழுதிய நூல், நிலவெளி என்பது வெவ்வேறு மக்கள் வெவ்வேறு காலத்தில் உரிமை கொண்டாடும் ஒன்று என்னும் நோக்கில், பயணிகளின் குரலையும் தொல்லியலாளர்களின் குரலையும் அருகருகே வைத்துப் பேசியது. ஆண்டி வொர்திங்டனின் 2004ஆம் ஆண்டு நூல் துரூயிதுகள் முதல் வண்டித்தொடர் வரையிலான கொண்டாட்ட வரலாற்றையும் எதிர்ப்பு வரலாற்றையும் ஒரே தொடராகச் சொல்கிறது. இவை வெளிவந்திராவிட்டால், இவ்வரலாறு காவல்துறை அறிக்கைகளிலும் அக்காலச் செய்தித் தலைப்புகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கும்.

தனிமனித நினைவுக்குறிப்புகளில் இருவகைப் பிறழ்வைக் காண்கிறேன். ஒன்று, 1974 முதல் 1984 வரை ஒரு பொற்காலமாக்கிக் காட்டுவது. அங்கே எல்லோரும் சமம், எல்லோரும் அன்பர், எல்லாம் இலவசம். பொற்காலக் கதையாடல் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் ஒரே குணமுடையது. அது கழிப்பிடத்தை யார் தோண்டினார்கள், குப்பையை யார் அள்ளினார்கள் என்று சொல்லாது. மற்றொன்று, எல்லாவற்றையும் அவரை வயலின் வழியாகவே பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது பதினோரு கோடைகளின் பாட்டும் சோறும் பேச்சும் ஒரு மாலையின் வன்முறைக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றன. அடிபட்டவர்களின் வரலாற்றை அடியிலிருந்து மட்டுமே எழுதுவதும் ஒருவகையில் அடித்தவர்களுக்கே அந்தக் கதையின் மையத்தைக் கொடுத்துவிடுவதாகும்.

நல்ல நினைவு இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது சேற்றையும் சொல்லும், தேநீரையும் சொல்லும். புதைமேட்டில் தோண்டிய குழியையும் சொல்லும், உடைந்த வண்டிக் கண்ணாடியையும் சொல்லும். 1974இல் இருபது வயதாயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். இன்னும் சில ஆண்டுகளில் அந்த வயல்வெளியில் நின்றவர்கள் இருக்கமாட்டார்கள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கூடியவர்கள் ஏன் கூடினார்கள் என்பதை அறிய, பன்றிப் பற்களை உருப்பெருக்கி கொண்டு ஆராய்கிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கூடியவர்களோ பேசுவதற்கு ஆயத்தமாக நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய சொற்களைத் தொல்லியல் சான்றுக்கு இணையான மதிப்போடு சேகரிக்க வேண்டும் என்பது என் துணிபு. கூடாரக் குழியும் அடுப்புச் சாம்பலும் 1980களைச் சேர்ந்தவை என்பதால் அவை வரலாறாகாமல் போய்விடுவதில்லை.

இது பழங்கதையை மட்டும் பற்றியதன்று. 2022இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் வண்டியோடு தங்கி, வெளியேறச் சொல்லியும் வெளியேறாமல் இருப்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாக்கியிருக்கிறது. வண்டியை வீடாகக் கொண்ட நாடோடிக் குடும்பங்களே இதனால் முதலில் இடர்ப்படுவோர். 1985 ஜூன் 1 அன்று உடைக்கப்பட்டவை வாகனங்கள் என்றா, வீடுகள் என்றா எழுதுவது என்ற கேள்வி இன்றும் நீதிமன்றத்தில் உயிரோடு இருக்கிறது. சொல்லைத் தேர்ந்தெடுப்பது இலக்கியக்காரர்களின் நுணுக்கம் மட்டுமன்று. ஒரு குடும்பம் இரவு எங்கே உறங்கும் என்பதையே சில வேளைகளில் அது தீர்மானிக்கிறது.

2020இல் பெருந்தொற்றுக் காரணமாகக் கூடுகை நிறுத்தப்பட்டபோது, கோடை விடியலை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை அது பார்க்கப்பட்டது. கற்கள் இருந்தன, வானம் இருந்தது, மனிதர் எவரும் இல்லை. புகைப்படக்காரர்கள் விரும்பும் தூய காட்சிதான். ஆனால் அக்காட்சியில் ஏதோ குறைகிறது என்று பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்கும். அந்த இடத்தைக் கட்டியவர்கள் பார்ப்பதற்காக மட்டும் கட்டவில்லை, வருவதற்காகக் கட்டினார்கள். வந்தவர்கள் எல்லோருடைய கணக்கையும், விரட்டப்பட்டவர்களையும் உள்ளிட்டு, நாம் வைத்திருக்க வேண்டும்.